ஒரு டாலர் ஒப்பந்தம்

நுழையும்முன்

ஒரே களம், ஒரே பந்து. ஆயினும் பரிசுத்தொகை வேறு. இவ்வேறுபாட்டை எதிர்த்து நின்ற டென்னிஸ் வீராங்கனை ஒருவரின் வாழ்வை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

பூங்காவில் தொடங்கிய பயணம்

பில்லி ஜீன் கிங் 1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லாங் பீச் நகரில் பிறந்தார். தந்தையார் தீயணைப்பு வீரர். பதினொரு வயதில், சிறுசிறு வேலைகள் செய்து சேர்த்த பணத்தில் தம் முதல் மட்டையை வாங்கினார். பொதுப் பூங்காவில் கட்டணமின்றி அளிக்கப்பட்ட பயிற்சியே அவருக்கு அடித்தளமாயிற்று. அக்காலத்தில் டென்னிஸ் பெரும்பாலும் செல்வர்தம் மன்றங்களில் ஆடப்பெற்றது. சிறுமியாக இருந்தபோது, பாவாடை அணியாமல் அன்னை தைத்துத் தந்த அரைக்காற்சட்டை அணிந்திருந்தமையால் குழு ஒளிப்படத்தில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது.

ஒன்பதின்மர் துணிவு

1966 முதல் 1968 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அங்குப் பரிசுத்தொகை வழங்கும் முறை 1968இல் தொடங்கியது. ஆடவர் பிரிவில் வென்ற ராட் லேவர் 2,000 பவுண்டு பெற்றார். கிங் பெற்றதோ 750 பவுண்டு.

1970இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டி ஒன்றில் ஆடவர் வாகையாளருக்கு 12,500 டாலர், மகளிர் வாகையாளருக்கு 1,500 டாலர் என அறிவிக்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்த கிங் உள்ளிட்ட ஒன்பது வீராங்கனைகள், ஹூஸ்டன் நகரில் இதழாசிரியர் கிளாடிஸ் ஹெல்ட்மனுடன் ஆளுக்கு ஒரு டாலர் என ஒப்பந்தம் செய்து, தனிப்போட்டியில் விளையாடினர். இடைநீக்கம் செய்யப்படுவர் என்னும் அச்சுறுத்தலும் அவர்களைத் தடுக்கவில்லை. மறு ஆண்டே, ஓராண்டில் ஓர் இலட்சம் டாலருக்கு மேல் பரிசாக ஈட்டிய முதல் விளையாட்டு வீராங்கனையானார் கிங்.

திருப்புமுனை

1972இல் அமெரிக்க ஓப்பன் பட்டம் வென்ற கிங்குக்கு 10,000 டாலரும், ஆடவர் பட்டம் வென்ற நஸ்டாசேவுக்கு 25,000 டாலரும் வழங்கப்பட்டன. சமமான தொகை தரப்படாவிடில் மறு ஆண்டு விளையாடப்போவதில்லை என்றார் கிங். 1973இல் அப்போட்டி இருபாலர்க்கும் சமப் பரிசு வழங்கியது. அவ்வாண்டே மகளிர் டென்னிஸ் சங்கத்தையும் அவர் நிறுவினார்.

பெண்கள் ஆட்டம் தரங்குறைந்தது என எள்ளிய முன்னாள் விம்பிள்டன் வாகையர் பாபி ரிக்சை, அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று ஹூஸ்டனில் எதிர்கொண்டார். ஐந்து செட் கொண்டதாக அமைந்த அப்போட்டியை 6-4, 6-3, 6-3 என மூன்றே செட்களில் வென்றார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அரங்கில் நேரில் கண்டனர்.

விளைந்த பயன்

ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என 39 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றவர் கிங். எனினும், விம்பிள்டன் சமப் பரிசு வழங்கத் தொடங்கியது 2007இல்தான். அப்போது அவர் களத்திலிருந்து விலகிப் பல ஆண்டுகள் கடந்திருந்தன. தமக்குக் கிட்டாத உரிமையைத் தமக்குப்பின் வருவோர்க்குப் பெற்றுத் தந்ததே அவர் வாழ்வின் சிறப்பாகும்.

கற்பவை கற்றபின்

'ஒரே பணிக்கு ஒரே ஊதியம்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.