உள்ளங்கையில் ஓர் உலகம்

தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் தவறாமல் மேடையேறும் பெயர்களுள் ஹெலன் கெல்லரின் பெயரும் ஒன்று. கூலாய் வட்டாரத் தோட்டப்புறப் பள்ளியொன்றில் ஐந்தாம் ஆண்டு பயின்றபோது, நானும் அவரைப் பற்றி மூன்று நிமிடங்களுக்கு மனனம் செய்து ஒப்புவித்திருக்கிறேன். கண்பார்வையையும் செவிப்புலனையும் இழந்தார், தண்ணீர்க் குழாயடியில் ஒரு சொல்லைக் கற்றார், பட்டம் பெற்றார், உலகம் போற்றியது. அவ்வளவுதான் கதை. பின்னர்ப் பல்கலைக்கழக நூலகத்தில் அவருடைய தன்வரலாற்றைப் படித்தபோதுதான், மேடையில் நான் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதே அதிகம் என்பது புரிந்தது. விடுபட்ட அந்தப் பகுதியே இக்கட்டுரையின் பொருள்.

ஹெலன் 1880-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா எனும் சிற்றூரில் பிறந்தார். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது கண்ட கடுங்காய்ச்சல் அவருடைய இரு புலன்களையும் பறித்துக்கொண்டது. ஆயினும் அதன்பின் அவர் வெறும் இருட்டில் கிடந்தார் என்று நாம் சொல்வது சரியன்று. ரொட்டி வேண்டுமென்றால் அதை அறுத்து வெண்ணெய் தடவுவதுபோல் கையசைப்பார். ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் அதைக் கடையும் கருவியைச் சுழற்றுவதுபோல் செய்து, குளிரில் நடுங்கிக் காட்டுவார். இப்படித் தாமே உண்டாக்கிய சைகைகள் பல அவரிடம் இருந்தன. சமையற்காரரின் மகள் அவற்றை நன்கு புரிந்துகொண்டாள். ஆக, பேச வேண்டும் எனும் வேட்கை ஆசிரியர் வருவதற்கு முன்பே அங்கு இருந்தது. இல்லாதது மொழி.

ஹெலனின் தாயார் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1842-இல் எழுதிய அமெரிக்கப் பயண நூலில், லாரா பிரிட்ஜ்மன் எனும் பார்வையும் செவியும் அற்ற பெண் பாஸ்டனிலுள்ள பெர்கின்ஸ் பள்ளியில் கல்வி பெற்ற செய்தியைப் படித்திருந்தார். ஹெலனுக்கு முன்பே ஒருவர் இந்தப் பாதையில் நடந்திருக்கிறார் என்பதை நம் பேச்சுப் போட்டிகள் சொல்வதே இல்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் ஆலோசனைப்படி பெற்றோர் அப்பள்ளிக்கு எழுதினர். 1887 மார்ச் 3-ஆம் நாள் ஆனி சலிவன் டஸ்கம்பியா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபதே வயது. ஐரிஷ் குடியேறிகளின் மகளான அவர், ஏழைகள் விடுதியில் வளர்ந்தவர்; தம்பியை அங்கேயே சாகக் கொடுத்தவர்; கண்நோயால் தாமும் பார்வை பெரிதும் மங்கியவர். பெர்கின்ஸ் பள்ளியில் லாராவோடு ஒரே விடுதியில் வாழ்ந்து விரலெழுத்தைக் கற்றுக்கொண்டவர்.

முதல் நாளிலிருந்தே ஆனி பொருளைக் கையில் கொடுத்து, அதன் பெயரை உள்ளங்கையில் எழுத்து எழுத்தாக எழுதிக் காட்டினார். ஹெலன் அதைத் திருப்பிச் செய்தார்; ஆனால் அது ஒரு பெயர் என்பது அவருக்குத் தெரியாது. ஏப்ரல் 5-ஆம் நாள், குழாயிலிருந்து குளிர்ந்த நீர் ஒரு கையில் விழ, மறு கையில் ஐந்து எழுத்துகள் விழுந்தன. அன்று சில மணி நேரத்தில் முப்பது சொற்கள் கற்றதாக ஆனி கடிதத்தில் எழுதினார்.

நாம் கதையை இங்கே முடித்துவிடுகிறோம். ஆனால், மொழி பயில்வோர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அதன்பின் ஆனி செய்ததைத்தான். ஒரு தாய் குழந்தைக்குச் சொற்பட்டியல் கொடுத்து மொழி கற்பிப்பதில்லை. குழந்தைக்குப் புரியாத காலத்திலேயே முழு வாக்கியங்களில் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள். ஆனியும் அப்படியே செய்தார். ஹெலனுக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும் முழு வாக்கியங்களைக் கையில் எழுதினார். காட்டிலும் ஆற்றங்கரையிலும், கோழிக்குஞ்சு முட்டையை உடைத்து வரும்போதும் விரல்கள் நிற்கவில்லை. பிறர் காதால் ஆண்டுக்கணக்கில் பெறும் மொழிமழையை அவர் ஓர் உள்ளங்கையில் பெய்வித்தார்.

இதை எண்ணும்போது நம் நாட்டு நிலையும் நினைவுக்கு வருகிறது. நமது சிறப்புக் கல்விப் பள்ளிகளில் பயிற்றுமொழி மலாய். செவிப்புலனற்ற தமிழ்ப் பிள்ளை தண்ணீரை ‘ஆயர்’ என்று விரல்களால் எழுதக் கற்கிறது. வீட்டிலோ பாட்டி ‘தண்ணி’ என்று வாயசைக்கிறார். இரண்டுக்கும் இடையே பாலம் போடுவது பெற்றோர் பொறுப்பாகிவிடுகிறது. பெற்றோர் சைகை மொழி கற்காவிட்டால் பிள்ளை பள்ளியில் பேசும், வீட்டில் மௌனமாகும். தமிழ்மொழிக் கழகங்கள் இதுபற்றி இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

ஹெலனின் கல்விப் பாதை மேடையில் சொல்வதுபோல் நேர்க்கோடன்று. பதினொரு வயதில் அவர் ஒரு கதை எழுதிப் பெர்கின்ஸ் பள்ளி இயக்குநருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். அது மார்கரெட் கேன்பி என்பவரின் கதையை ஒத்திருந்தது தெரியவந்து பெரும் சிக்கலாயிற்று. எப்போதோ கையில் வாசித்துக் காட்டப்பட்ட கதை நினைவில் தங்கித் தம்முடையது போலவே வெளிவந்திருந்தது. அந்தச் சிறுமியைப் பெரியவர்கள் குழுவாக அமர்ந்து விசாரித்தனர். அதன்பிறகு நெடுங்காலம், எழுதும் வரி தம்முடையதுதானா எனும் அச்சம் அவரை விடவில்லை.

ரேட்கிளிஃப் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் வேறொரு சோதனை. அக்காலத்தில் பிரெய்ல் எழுத்து ஒன்றல்ல, பல முறைகள் இருந்தன. இயற்கணிதத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான், கேள்வித்தாளில் வரப்போவது தமக்குப் பழகிய ஆங்கிலேயக் குறியீடல்ல, அமெரிக்கக் குறியீடு என்பது ஹெலனுக்குத் தெரிந்தது. நாமெல்லாம் எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்னிரவு சூத்திரங்களைப் புரட்டினோம். அவர் எண்குறிகளையே புதிதாகக் கற்றார். கல்லூரியில் விரிவுரைகளை ஆனி கையில் எழுதினார். பிரெய்லில் கிடைக்காத நூல்களை மங்கிய கண்களால் படித்துச் சொன்னார். 1904-இல் ஹெலன் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டம் பெற்றார். எழுத்தாளர் மார்க் டுவைன் கேட்டுக்கொண்டதால் செல்வந்தர் ஹென்றி ரோஜர்ஸ் படிப்புச் செலவுக்கு உதவினார். தன்னம்பிக்கை ஒன்றே போதும் என்று மாணவர்களிடம் சொல்கிறோமே, அந்தச் செலவுக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

பட்டம் பெற்றபின் அவர் பேசியவை எல்லாருக்கும் இனிக்கவில்லை. பார்வையின்மைக்குக் காரணங்களை ஆராய்ந்தபோது, தொழிற்சாலை விபத்துகளும் ஏழ்மையும் அவர் கண்ணில் பட்டன. (இச்சொற்றொடரை அவரே தயக்கமின்றிப் பயன்படுத்துவார்.) பிறந்த குழந்தைகளின் கண்களில் ஏற்படும் தொற்றை எளிய சொட்டு மருந்தால் தடுக்கலாம் என்று, பெண்கள் வெளிப்படையாகப் பேசத் தயங்கிய காலத்தில் எழுதினார். 1909-இல் சோசலிசக் கட்சியில் சேர்ந்தார். பெண்கள் வாக்குரிமைக்குக் குரல் கொடுத்தார். முன்பு அவரைப் புகழ்ந்த ஒரு செய்தித்தாள் ஆசிரியர், அவருடைய கருத்துப் பிழைகளுக்கு உடற்குறையே காரணம் என்று எழுதினார். 1933-இல் ஜெர்மனியில் நாஜி ஆதரவு மாணவர்கள் எரித்த நூல்களில் அவருடையதும் ஒன்று. 1924 முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் அறவாரியத்திற்காக உழைத்தார். 1955-இல், எழுபத்தைந்தை நெருங்கிய வயதில், இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளைச் சுற்றி வந்தார்.

குறையும் உண்டு. 1915-இல் சிகாகோவில் உடற்குறைகளோடு பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய மறுத்து அதைச் சாகவிட்ட மருத்துவரை ஹெலன் ஆதரித்து எழுதினார். அவரைப் போன்ற ஒருவர் அப்படி எழுதியதைப் படித்தபோது மனம் கசந்தது. மறுபுறம், 1916-இல் தம் செயலாளரை அவர் மணக்க விரும்பியபோது குடும்பத்தார் தடுத்துவிட்டனர். உலகமே வியந்த அறிஞருக்கு அப்போது முப்பத்தாறு வயது.

ஆனி 1936-இல் மறைந்தார். பின்னர்ப் போலி தாம்சன் அவருடைய கைகளில் எழுதினார். ஹெலன் 1968 ஜூன் முதல் நாள் காலமானார்.

கூலாயிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில், ஜொகூர் பாருவில், பார்வையற்றோருக்கான பிரின்சஸ் எலிசபெத் பள்ளி 1948-இல் தொடங்கப்பட்டது. செவிப்புலனற்றோருக்கான கூட்டரசுப் பள்ளி பினாங்கில் 1954-இல் தொடங்கியது. முன்னது காதை நம்பிக் கற்பிப்பது. பின்னது கண்ணை நம்பிக் கற்பிப்பது. இரண்டும் இல்லாத பிள்ளைக்கு ஓர் உள்ளங்கைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். நம் நாட்டு ஓ.கே.யு. அட்டையில் அப்பிள்ளை பல்வகைக் குறைபாடு எனும் பிரிவில் பதிவாகிறது. அந்தப் பிரிவில் வேறு பல நிலைகளும் அடங்குவதால், கூலாயில் அப்படி எத்தனை பிள்ளைகள் என்று அப்பிரிவின் பெயரை மட்டும் வைத்து யாரும் சொல்லிவிட முடியாது.

தமிழுக்கும் பிரெய்ல் உண்டு. ‘கொ’ என்பதை அச்சில் எழுதும்போது ககரத்திற்கு முன்னும் பின்னும் குறியிடுகிறோம். பிரெய்லில் ககரம் முதலில், ஒகரம் அடுத்து. ஒலிக்கும் வரிசையிலேயே விரல் படிக்கிறது. தொல்காப்பிய வகுப்பில் மெய் முன்னர், உயிர் பின்னர் என்று படித்தோமே, அதே வரிசைதான். நம் கழகத்தின் இந்த ஆண்டிதழில் ஒரு படியையாவது அந்தப் புள்ளிகளில் அடித்து, ஜொகூர் பாருவுக்கு எடுத்துச் செல்ல அடுத்த செயலவை முன்வருமா?