உமியும் வேலித்தடியும்: கரையோர ஊர்களுக்கான எரிபொருள்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில் நெல்லுக்குக் குறைவில்லை. அடுப்பெரிக்கும் பொருளோ பெரும்பாலும் கடல் கடந்து வருகின்றது. மண்ணெண்ணெயும் சமையல் எரிவாயுவும் இத்தீவின் நிலத்திலிருந்து கிடைப்பன அல்ல. 2022 இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது இதன் விளைவை யாவரும் கண்டனர். எரிவாயுச் சிலிண்டருக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. இயந்திரத் தோணிகளும் அவ்வெண்ணெயையே நம்பியிருந்தமையால் மீனவர் வீடுகள் இருமுறை இடர்ப்பட்டன.

விறகு உண்டே எனச் சிலர் கூறுவர். வீடுகள் நெருங்கிய இம்மணற்பாங்கான ஊர்களில் விறகுக்கான காடு ஏது? களப்போரக் கண்டல்களை வெட்டுவது மீன்குஞ்சுகளின் உறைவிடத்தை அழிப்பதாகும்.

நம் கையிலுள்ளது உமி. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமியாதலால், 1,000 கிலோ நெல்லைக் குற்றினால் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். மூன்று முதல் மூன்றரைக் கிலோ உமியிலுள்ள வெப்பம் ஒரு கிலோ மண்ணெண்ணெயின் வெப்பத்துக்குச் சமம். ஆயினும் உமி அடுப்பில் வெப்பம் கூடுதலாக வீணாகும். எனவே சற்று மிகையாகவே சேமித்தல் வேண்டும். நெல் அவிக்கும் ஆலைகள் தம் உமியில் ஒரு பகுதியைத் தாமே எரிக்கின்றன. பச்சையரிசி குற்றும் ஆலைகளில் விசாரித்தல் நன்று.

அடுப்பு அமைப்பதும் எளிது. ஒரு தகர வாளியின் அடிப்பக்கத்தில் துவாரமிட்டு, அதனூடாக ஒரு தடியை நடுவரை நுழைக்குக. அத்தடியின் முனைமேல் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிலும் உலர்ந்த உமியை இறுக்கி நிரப்புக. பின்னர் இரண்டையும் மெதுவாக உருவி, கீழ்த்துவாரத்திற் சுள்ளியால் தீ மூட்டுக. உமி சரியுமாயின் மரத்தூள் கலக்கலாம். புகை மிகுதியாதலால் அடைத்த அடுக்களையில் எரித்தலாகாது.

ஈர உமி எரியாது, புகையும். ஆகவே சிறுபோக அறுவடையின் உமியை மாரி தொடங்குமுன் சாக்குகளிற் கட்டி, நிலத்தில் படாது பலகைமேல் அடுக்கி வைக்க வேண்டும். எஞ்சும் சாம்பலை எறிந்துவிடாது வட்டைக்குக் கொண்டு செல்க. அதிலுள்ள சிலிக்கா நெற்றண்டுக்கு உறுதி தரும்.

உமி போதாத வீட்டார் வேலியை நாடலாம். 2005 இல் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு அறிவித்த கிளிரிசீடியா, தடி நட்டாலே தளிர்ப்பது. வெட்ட வெட்டத் துளிர்ப்பது. தழை ஆட்டுக்கும் வயலுக்கும், தடி அடுப்புக்கும் உதவும். முதல் மழை விழுந்தவுடன், முற்றிய தடிகளை வேலியோரம் நடுக.