டாக்டர் யாரிடம் சொல்லலாம்?

அன்புள்ள யாழினி,

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த கையோடு நல்ல கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறாய்: பதினைந்து வயதுப் பெண் கருத்தடை மாத்திரை கேட்டு வந்தால், டாக்டர் அப்பா அம்மாவிடம் சொல்ல வேண்டாமா? இங்கிலாந்தில் இதே கேள்வி பிரபுக்கள் சபை வரை போனது.

அதற்கு முன்பே பர்மிங்காமில் ஒரு வழக்கு. 16 வயதுப் பெண் ஒருத்திக்கு ‘புரூக்’ கிளினிக்கில் மாத்திரை கொடுத்துவிட்டு, குடும்ப டாக்டர் ராபர்ட் பிரவுனுக்கும் தகவல் எழுதினார்கள். அவர் அதை அவளுடைய அப்பாவிடம் சொல்லிவிட்டார். கிளினிக் புகார் கொடுத்தது. 1971-இல் மருத்துவ கவுன்சில் அவரை விடுவித்தது. இத்தனைக்கும் 16 வயதானவர் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்று 1969-லேயே சட்டம் வந்துவிட்டது! அவளுடைய நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றார் பிரவுன். பொய்யாக இருக்காது. ஆனால் நல்லது எது என்று அவளிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

16 வயதுக்குக் கீழே என்றால்? அபூர்வமான நிலைமைகளில் பெற்றோருக்குத் தெரியாமலே டாக்டர் மாத்திரை தரலாம் என்றது 1980-ஆம் ஆண்டின் அரசுச் சுற்றறிக்கை. பத்துப் பிள்ளைகளின் தாயான விக்டோரியா கில்லிக் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். ஐந்து பெண்களைப் பெற்றவரின் பயத்தை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1983-இல் தோற்றார்; 1984 டிசம்பரில் மேல்முறையீட்டில் ஜெயித்தார். அடுத்த பத்து மாதம், மாத்திரை இருக்கட்டும், பெற்றோர் சம்மதமில்லாமல் ஆலோசனை சொல்லவே டாக்டர்களுக்குத் தடை.

1985 அக்டோபரில் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை மாற்றியது. டாக்டர் பார்க்க வேண்டியவற்றை, தீர்ப்பளித்தவர்களில் ஒருவரான ஃபிரேசர் பிரபு வகுத்தார். சொல்வது அவளுக்குப் புரிகிறதா, வீட்டில் சொல்லச் சம்மதிக்க வைக்க முடியுமா, மாத்திரை இல்லாவிட்டாலும் உறவு தொடருமா, மறுத்தால் உடலோ மனமோ கெடுமா, கொடுப்பதுதான் அவளுக்கு நன்மையா. இரண்டாவதைக் கவனி. பெற்றோரை ஒதுக்கச் சொல்லவில்லை. முதலில் பேசிப் பார்க்கச் சொல்கிறது. அதற்கு நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்கிற டாக்டரிடம் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள்.

இங்கே இந்தியாவில் சட்டம் வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டத்தில் வயது வரம்பு 18. அதற்குக் கீழே உள்ளவருக்கு உடலுறவு இருப்பது தெரியவந்தால் டாக்டர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. பயிற்சி டாக்டராக வார்டுக்குள் போவதற்கு முன் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துவிடு.

அன்புடன்,
சித்தி