எஞ்சின் நின்றும் ஃபேன் ஏன் ஓடுகிறது?

கேள்வி: காரை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் முன்பக்கம் ஃபேன் ‘உய்’யென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பேட்டரி காலியாகிவிடாதா?

பதில்: பயப்படாதீர்கள், அது உங்கள் எஞ்சினைக் காக்கிற வேலை. ஓடும்போது கூலன்ட் சுமார் 90 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஆனால் சிலிண்டர் ஹெட்டின் உலோகம் அதைவிட மிகச் சூடானது. பெரும்பாலான கார்களில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவது எஞ்சினே. எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும், கூலன்ட் ஓட்டமும் நிற்கும். உலோகத்தில் தேங்கிய வெப்பம் அசையாத கூலன்டில் இறங்க, அணைத்த பிறகுதான் சூடு இன்னும் ஏறுகிறது. மலைப்பாதை ஏறி வந்தோ, வெயிலில் ஏசி போட்டு நெரிசலில் ஊர்ந்தோ வந்து நிறுத்தினால் இது நன்றாகத் தெரியும்.

சென்சார் இதைக் கவனித்து, பேட்டரி மின்சாரத்திலேயே ஃபேனை ஓட்டுகிறது. ரேடியேட்டரும் பானெட்டுக்குள் அடைபட்ட காற்றும் குளிர்கின்றன. சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். நல்ல பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

கால் மணி நேரம் தாண்டியும் ஓடினாலோ, காலையில் குளிர்ந்த எஞ்சினிலேயே சுழன்றாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், சென்சார் பழுதாகியிருக்கலாம், கூலன்ட் குறைந்திருக்கலாம். இந்த நிலையில் விட்டுவைத்தால் பேட்டரி நிச்சயம் இறங்கிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: சூடான காரில் ஃபேன் நின்றிருந்தாலும் அருகே கை, துப்பட்டா எதுவும் போகக் கூடாது. எந்த நொடியிலும் அது மறுபடி சுழலும். ரேடியேட்டர் மூடியையும் அப்போது திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும்.