மாரடைப்பும் இதய நிறுத்தமும்

எங்கள் அதியமான்கோட்டையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எவர் சாய்ந்தாலும் ‘மாரடைப்பு’ என்ற ஒரே சொல்தான். சென்ற ஆண்டு என் பெரியப்பா திண்ணையில் சரிந்தபோதும் அதையே சொல்லி, முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கார் தேடி ஓடினோம்.

மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் தரும் குழாய் அடைபடுவது. நோயாளி பெரும்பாலும் நினைவோடிருப்பார். நெஞ்சு இறுகும், இடக்கையும் தாடையும் வலிக்கும், வியர்த்துக் கொட்டும். வாயு என்று சோடா கொடுத்துக் காலங்கடத்தாமல் 108ஐ அழைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்வேளை மாத்திரைகள் தரும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023இல் தொடங்கப்பட்டது.

இதய நிறுத்தம் வேறு. இதயம் இரத்தம் இறைப்பதே நின்றுவிடுகிறது. மாரடைப்பு முற்றியும் இது நேரலாம். தட்டி அழைத்தாலும் விழிக்கமாட்டார். மூச்சு இராது, அல்லது விட்டுவிட்டு இழுக்கும். அந்த இழுப்பை மூச்சென்று நாங்கள் நம்பினோம், நண்பர்களே! ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் மார்பின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்தி விடவேண்டும். வண்டி வரும்வரை நிறுத்தலாகாது. விலா எலும்பு முறியுமே என்று தயங்குவோர் உண்டு. முறிந்த எலும்பு கூடிவிடும். இரத்தம் செல்லாத மூளையோ சுமார் 4 நிமிடத்திலேயே பழுதடையத் தொடங்கும்.

அன்று எங்களுக்குக் கார் கிடைக்கவே கால் மணி நேரமாயிற்று.