மீனுக்குள் ஒரு பலூன்

அக்கராயன் குளத்து மீன் வீட்டுக்கு வரும் நாளில் உம்மா அடுப்படி வாசலில் பலகை போட்டு அமர்ந்துவிடுவார். அநேகமாகத் திலாப்பியாதான், சிலவேளை ரோகு. குடலை எடுத்ததும் முள்ளந்தண்டுக்குக் கீழே வெள்ளையாக மினுங்கும் ஒரு பை தெரியும். ரோகு என்றால் அது நடுவில் இடுங்கிய இரட்டைப் பலூன் போல முழுதாகக் கழன்று வரும். சின்ன வயதில் அதைக் காலால் மிதித்து ‘டப்’ என்று உடைப்பது எனக்கும் தம்பிக்கும் விளையாட்டு. உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் உடைத்தது என்னவென்று விளங்கியது.

அதன் பெயர் காற்றுப்பை. மீனின் தசையும் எலும்பும் நீரைவிட அடர்த்தி கூடியவை. அவை மட்டும் இருந்தால் மீன் அடியில் போய்க் கிடக்கும். நன்னீர் மீனின் கனவளவில் ஏறத்தாழ 7 சதவீதத்தை இந்தப் பை பிடித்துக்கொள்வதால் செட்டையை அதிகம் அசைக்காமலே அது நடுநீரில் நிற்கிறது. சுறாவுக்குப் பை இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே அதற்கு மிதப்பு.

பைக்குள் வாயு எப்படி வருகிறது? ரோகு, கட்லா போன்றவற்றில் பையையும் களத்தையும் ஒரு குழாய் இணைக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்கலாம். வளர்ந்த திலாப்பியாவுக்கு அந்த வழி இல்லை. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு நம் குளங்களை நிறைத்துவிட்ட இந்த மீன், தன் இரத்தத்திலிருந்தே வாயுவைப் பிரித்தெடுக்கிறது. பைச்சுவரிலுள்ள வாயுச்சுரப்பி அமிலத்தை விட, ஈமோகுளோபின் ஒட்சிசனைக் கைவிடுகிறது. எதிரெதிர்த் திசையில் இரத்தம் ஓடும் மயிர்த்துளைக்குழாய்க் கற்றை அந்த ஒட்சிசனைத் தப்பிப் போகவிடாமல் சேர்த்துவைக்கிறது. அந்தக் கற்றையின் இலத்தீன் பெயருக்கு ‘அற்புத வலை’ என்று பொருள். பெயர் வைத்தவருக்கும் வியப்புத் தாங்கவில்லை போலும்!

கெளிற்றில் இந்தப் பை கேட்பதற்கும் உதவுகிறது. அதன் அதிர்வை உட்செவிக்குக் கடத்தும் சிற்றெலும்புகளை வேபர் 1820இல் விவரித்தார்.

ஆழத்தில் வாழும் மீனுக்கு இதே பை ஆபத்தாகவும் முடியும். 20 மீற்றர் ஆழத்திலிருந்து கலவாயைச் சட்டென்று தூக்கினால் அமுக்கம் மூன்றிலொன்றாகிறது; போயிலின் விதிப்படி வாயு மும்மடங்காக விரியப் பார்க்கும். இரைப்பை வாய்வழியே பிதுங்கிவிடுவதும் உண்டு.

எங்கள் வீட்டுத் தொட்டியிலும் ஒரு ஆபத்து வந்தது. சோதனைக்குப் படித்த நாட்களில், மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் தங்கமீனுக்கு வேளைக்கு வேளை உலர் உணவை அள்ளிப் போட்டேன். ஒரு காலை அது வயிறு மேலாக மிதந்தது. செத்துவிட்டதென்று எறியப் போனேன், செவுள் அசைந்தது. உருண்டை உடம்புள்ள தங்கமீனில் குடல் அடைத்து வீங்கினால் அது காற்றுப்பையை நெருக்கும். மிதக்கும் உணவோடு காற்றையும் விழுங்கிவிடும். பற்றீரியாத் தொற்றாலும் இப்படி நேரலாம். ஆனால் இங்கே குற்றவாளி நான்தான்.

மூன்று நாள் உணவை நிறுத்தினேன், தண்ணீரை மாற்றினேன். “மீனுக்கும் நோன்பா ராத்தா?” என்றான் தம்பி. நான்காம் நாள் அவித்துத் தோலுரித்த பட்டாணியில் ஒரு துளி கொடுத்தேன். ஐந்தாம் நாள் அது நிமிர்ந்தது.

இப்போதும் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்துதான் நீந்துகிறது. உணவு டப்பாவை உம்மா தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.