படிவழி காப்போம்

புனே நகரின் வடமேற்கே, முளா ஆற்றங்கரையை ஒட்டி வாகட் அமைந்துள்ளது. அருகிலுள்ள ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரிவோர் பலர் இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். தமிழ்க் குடும்பங்களும் அவர்களுள் அடங்கும்.

ஊரில் உள்ள தாத்தா பாட்டியின் ஓட்டு வீட்டிற்கு வாசல் வழி ஒன்று. கொல்லை வழி மற்றொன்று. ஒரு புறம் தீப்பிடித்தால் மறுபுறம் வெளியேறலாம். பத்தாவது மாடியில் கொல்லைப்புறம் இல்லை. அங்கு வாழ்வோருக்கு உயிர் காக்கும் வழி படிக்கட்டே ஆகும்.

தீ விபத்துகளில் பெரும்பாலும் சுடரைவிடப் புகையே உயிரைப் பறிக்கிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. சூடான புகை மேல்நோக்கி எழும் இயல்புடையது. படிக்கட்டின் தீத்தடுப்புக் கதவு திறந்து கிடந்தால், படிக்கட்டே புகைபோக்கியாக மாறிவிடும். எனவே அக்கதவை மூடி வைத்தல் வேண்டும், பூட்டுதல் கூடாது.

2017 ஜூன் 14 அன்று, இலண்டனில் கிரென்ஃபெல் என்னும் 24 மாடிக் குடியிருப்பில், ஒரு வீட்டுச் சமையலறைக் குளிர்பதனப் பெட்டியில் தீப்பற்றியது. வெளிச்சுவரில் பொருத்தப்பட்டிருந்த எரியும் பலகைகளின் வழியே தீ மேலேறியது. கட்டடம் முழுமைக்கும் இருந்தது ஒரே படிக்கட்டு. அதிலும் புகை சூழ்ந்தது. 72 பேர் உயிரிழந்தனர்.

படிக்கட்டில் நிறுத்தப்படும் மிதிவண்டியும் காலணி அடுக்கும் பகலில் சிறு பொருள்களாகத் தோன்றும். மின்விளக்கு அணைந்து புகை சூழும் வேளையில், அவையே முதியோரையும் குழந்தைகளையும் இடறி வீழ்த்தும்.

தீப்பிடித்தால் செய்ய வேண்டுவன:

1. வீட்டில் உள்ளோரை எச்சரித்து வெளியேறுக. கதவைச் சாத்திச் செல்க.
2. மின்தூக்கியைத் தவிர்த்துப் படிக்கட்டில் இறங்குக. மின்சாரம் நின்றால் மின்தூக்கி இடையில் சிக்கிக்கொள்ளும்.
3. புகை இருப்பின் குனிந்தோ தவழ்ந்தோ செல்க.
4. 101 அல்லது 112 என்னும் எண்ணை அழைத்து, முகவரியையும் மாடியையும் கூறுக.
5. படிக்கட்டில் புகை நிறைந்திருந்தால் வீட்டிற்குள் திரும்பிக் கதவை மூடுக. ஈரத்துணியால் இடுக்குகளை அடைத்து, பலகணியில் நின்று துணியை அசைத்து உதவி கேட்க.

மகாராட்டிர மாநிலத்தின் 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டம், கட்டடத்தின் தீயணைப்புக் கருவிகள் நன்னிலையில் உள்ளன என்னும் சான்றிதழை ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் அளிக்கப் பணிக்கிறது. கருவிகளைச் சட்டம் காக்கும். படிவழியை அங்கு வாழ்வோரே காத்தல் வேண்டும். வருமுன் காக்கத் தவறிய வாழ்க்கைக்குத் திருவள்ளுவர் காட்டும் உவமை, நெருப்பின் முன் கிடக்கும் வைக்கோற்போர் ஆகும்.

சொற்பொருள்
கொல்லை – வீட்டின் பின்புறம்
பலகணி – சாளரம், சன்னல்
இடறுதல் – கால் தடுக்குதல்

சிந்தித்து விடை எழுதுக
1. தீத்தடுப்புக் கதவை ஏன் மூடி வைத்தல் வேண்டும்?
2. ஓட்டு வீட்டிற்கும் மாடி வீட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பெற்றோருடன் உங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் தரைத்தளம் வரை இறங்கிப் பாருங்கள். வழியில் கண்ட தடைகளைப் பட்டியலிடுக. அவற்றுள் உங்கள் வீட்டுப் பொருள் எது?